சிட்னிக்கும் லண்டனுக்கும் நடுவில் இருக்கிற ஊர்

லண்டனில் இருக்கிற அத்தான் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் போட்டார். 2027இல் சிட்னியிலிருந்து லண்டனுக்கு எங்கும் இறங்காமல் நேரே பறக்கிற விமானம் வரப்போகிறதாம், இப்போது எடுக்கிற நேரத்தில் நாலு மணித்தியாலம் வரை மிச்சமாம். கீழே தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்திருந்தார்: "இனி லண்டன் கிட்ட வந்திட்டுது, சாட்டுச் சொல்லாமல் எல்லாரும் வாங்கோ." மருமக்கள் வரிசையாகக் கைதட்டுகிற படங்களைப் போட்டார்கள். அக்கா லண்டனில் ஹரோவில், நான் சிட்னியில் ருங்காபியில், அம்மா குளிருக்குப் பயந்து இரண்டு பக்கமும் மாறி மாறி. இப்படிச் சிதறியிருக்கிற குடும்பத்துக்கு இது நல்ல செய்திதானே, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் லண்டன் கிட்ட வந்துவிட்டது என்கிற கதை மட்டும் மனதில் ஒட்டவேயில்லை. கிட்ட வந்தது என்றால் எதை வைத்து அளந்து? இந்தக் கேள்வி கனநாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு நகரங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன. சிட்னி, லண்டன் என்று கொடுத்தால் 17,016 கிலோமீற்றர் என்று வரும். அது சரியான கணக்கு, பூமியின் மேற்பரப்பில் இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோடு அவ்வளவுதான். நேரம்தான் தளத்துக்குத் தளம் மாறும், ஒன்று 19 மணித்தியாலம் என்கும், இன்னொன்று 21ஐத் தாண்டும். தூரத்தை ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற விடை அது, அந்த விடைக்குரிய பயணிகள் விமானம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பறந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1989 ஓகஸ்டில் ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் விமான நிறுவனத்தின் புத்தம் புதிய போயிங் 747-400 ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணித்தியாலம் 9 நிமிடத்தில் நிற்காமல் வந்தது. 2019 நவம்பரில் அதே நிறுவனத்தின் போயிங் 787 ஒன்று, அதே வழியை 19 மணித்தியாலம் 19 நிமிடத்தில் முடித்தது. இரண்டிலுமே ஆட்களை நன்றாகக் குறைத்து, எண்ணெயை நிறைத்துக்கொண்டுதான் பறந்தார்கள். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும், இரண்டும் லண்டனிலிருந்து சிட்னிக்கு, அதாவது மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்தவை. அது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

எந்த வழியாகப் போனாலும்

பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். ஆகவே உலகத்தில் எந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று 20,000 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கவே முடியாது. லண்டனுக்கு நேர் எதிர்ப்புள்ளி நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே கடலில் இருக்கிறது. சிட்னி அந்தப் புள்ளிக்கு ரொம்பத் தூரம் இல்லை. இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. ஒரு தோடம்பழத்தின் காம்பிலிருந்து அடிக்கு எந்தச் சுளை வழியாகக் கோடு இழுத்தாலும் நீளம் ஒன்றுதான், இல்லையா? சிட்னி லண்டன் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். சிட்னியிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 6,300 கிலோமீற்றர், அங்கிருந்து லண்டன் ஏறக்குறைய 10,880. கூட்டிப் பாருங்கள், நேர்கோட்டைவிட 160 கிலோமீற்றர் மாதிரித்தான் கூட. விமானத்துக்கு அது பத்துப் பன்னிரண்டு நிமிடம். டுபாய் வழியாகப் போனால் ஒரு 500 கூடும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கிற பேர்த் போய்ப் போனால் 750க்குச் சற்று மேலே கூடும். 17,000க்கு மேற்பட்ட பயணத்தில் இதெல்லாம் ஒரு பெரிய சுற்றா?

அப்படியானால் நேரடி விமானம் மிச்சம் பிடிக்கிற அந்த நாலு மணித்தியாலம் தூரத்தைக் குறைத்து வருவது இல்லை. இறங்குவதற்கு வேகத்தைக் குறைப்பது, தரையில் ஊர்ந்து போவது, இறங்கி நடந்து மறுபடி பரிசோதனைக்கு நிற்பது, எண்ணெய் அடிப்பது, திரும்ப ஏறுவது, இவற்றை வெட்டித்தான் அந்த நேரம் கிடைக்கிறது. அதற்காக ஏயர்பஸ் ஏ350-1000இல் 20,000 லீற்றர் கொள்கிற தாங்கி ஒன்றைக் கூடுதலாக வைக்கிறார்கள், வழமையாக முந்நூறுக்கு மேல் ஆசனம் போடுகிற விமானத்தில் 238தான் போடுகிறார்கள். கடைசி மணித்தியாலங்களில் எரிக்கப்போகிற எண்ணெயை முதல் மணித்தியாலத்திலிருந்தே சுமந்துகொண்டு போகவேண்டும், அந்தச் சுமைக்கும் எண்ணெய் வேண்டும். பெரிய சாதனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் லண்டன் ஒரு அடிகூடக் கிட்ட வரவில்லை.

அந்த மிகக் குறுகிய கோடு எங்கே போகிறது என்றும் பார்த்தேன். ஆஸ்திரேலியாவைக் குறுக்காக வெட்டி, இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகளைத் தாண்டி, தென்சீனக் கடல், பிறகு சீனாவின் சிச்சுவான். பாதி வழி அங்கேதான் வருகிறது. அதற்குப் பிறகு கசக்ஸ்தானின் வடக்கு, ரஷ்யா, போல்ற்றிக் கடல். ஆனால் 2022 பெப்ரவரிக்குப் பிறகு பிரித்தானிய, ஐரோப்பிய விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடியாது, உக்ரேனின் வானம் முழுவதுமே மூடியிருக்கிறது. ஈரான் பக்கத்தில் பதற்றம் வரும்போதெல்லாம் அந்த வழியும் அடைபடுகிறது. 2024 ஏப்ரலில் அப்படி ஒன்று நடந்தது. பேர்த்திலிருந்து லண்டனுக்கு 2018 முதல் ஓடுகிற நேரடி விமானம், 14,500 கிலோமீற்றர், ஈரானைச் சுற்றிப் போகவேண்டி வந்ததால் எண்ணெய் போதாமல் சிங்கப்பூரில் இறங்கிப் போனது. ஆனால் லண்டனிலிருந்து பேர்த்துக்குத் திரும்பி வரும்போது அதே விமானம் இறங்காமல் வந்தது. அதே இரண்டு ஊர், அதே விமானம், போகும்போது எட்டவில்லை, வரும்போது எட்டுகிறது.

காரணம் காற்று. ஒன்பது பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்குக்கு ஓடுகிற காற்று இருக்கிறது, மாரி காலத்தில் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டி அடிக்கும். ஐரோப்பாவை நோக்கிப் போகிறவர்கள் அதற்கு முகம் கொடுத்துப் போகவேண்டும். திரும்புகிறவர்களை அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். வரைபடத்தில் 17,016 என்பது இரண்டு பக்கமும் 17,016தான், ஆகாயத்தில் அப்படி இல்லை.

பெரியம்மாவிடம் போன இரவு

இந்தக் காற்றை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. லண்டனில் பெரியம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று அக்கா விடியப்புறம் தொலைபேசி எடுத்தாள். பெப்ரவரி மாதம், சிட்னியில் கொதிக்கிற வெயில். எங்களுக்கும் அவர்களுக்கும் அப்போது 11 மணித்தியால வித்தியாசம், அங்கே முதல் நாள் மாலை. பெரியம்மாதான் எங்களை வளர்த்தவ, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மா ஒருத்தியையும் பெரியம்மா மற்றவளையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள். எனக்குப் பெரியம்மாவின் கை. அதனால் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, எந்த ரிக்கெற் முதலில் கிடைக்கிறதோ அது. வேலையிடத்துக்குச் சொல்லி, பிள்ளைகளை ஒழுங்குபண்ணி, விமானத்தில் இருக்கும்போது அன்றைய பொழுது பட்டுவிட்டது.

சிங்கப்பூர் வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அங்கிருந்து ஏறின பிறகுதான் நித்திரை வராமல் முன் ஆசனத்துத் திரையில் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு இருந்தேன். வெளியே குளிர் மறை 56 பாகை. உயரம் 11 கிலோமீற்றருக்குச் சற்றுக் கீழே. எதிர்க்காற்று மணிக்கு 160 கிலோமீற்றர். தரைவேகம், அதாவது நிலத்தை வைத்து அளக்கிற வேகம், 740. அந்த இலக்கங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வந்து போகும், கடைசியாகச் சேருமிடத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வரும். இந்து சமுத்திரத்தைத் தாண்டும்போது அது எட்டு மணித்தியாலம் என்று காட்டியது. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, கனநேரம் கழித்துத் திறந்து பார்த்தால் ஏழு மணித்தியாலம் நாற்பது. காற்று கூடக்கூட மிச்ச நேரமும் கூடுகிறது. விமானத்தின் மூக்கு நேரே லண்டனைப் பார்த்தும் இருக்கவில்லை, சண்டை நடக்கிற நாடுகளுக்கு ஒதுங்கித் தெற்காலே வளைந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஆசனத்தில் ஒரு பெடியன் நல்ல நித்திரை. நான் அந்த 740ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். 745 ஆகும், 738 ஆகும். ஒரு ஐந்து கிலோமீற்றர் கூடினால் மனதுக்குள் ஒரு ஆறுதல், குறைந்தால் நெஞ்சு அடைக்கும்.

போய்ச் சேர்ந்தேன். பெரியம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டா. அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான். செத்தவீடு முடிந்து திரும்பி வரும்போது அதே திரையில் தரைவேகம் 1,050 என்று கிடந்தது. எனக்கு அவசரமே இல்லாத நேரத்தில் காற்று பின்னால் நின்று தள்ளியது. அந்த இலக்கத்தைப் பார்த்து வந்த அழுகையை என்னால் விளங்கப்படுத்த முடியாது.

அதனால் இதைத் தெளிவாகவே சொல்கிறேன்: அன்றைக்கு நேரடி விமானம் ஒன்று இருந்திருந்தால், என்ன விலை என்றாலும் ஏறியிருப்பேன். நாலு மணித்தியாலம் என்பது அந்த மாதிரி இரவில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பயணத்தைத் திரும்ப எண்ணிப் பார்த்தால், தொலைபேசி அடித்ததிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தொட்டது வரைக்கும் போன நேரத்தில் பெரிய பங்கு ஆகாயத்திலேயே போகவில்லை. அடுத்த விமானம் மாலையில்தான் என்பது, ஆசனம் இருக்கிறதா என்று தேடியது, ஹீத்ரோவில் வரிசையில் நின்றது, அங்கிருந்து ஹரோவுக்கு மழைக்குள் போனது. கடவுச்சீட்டு வேறு நிறமாக இருந்திருந்தால் விசாவுக்கு நின்ற நாட்களும் சேரும். எங்கள் சனத்தில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றபடியே செத்தவீட்டை வீடியோவில் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தூரத்தைக் கூட்டியது விமானம் இல்லை.

அம்மாவின் கணக்கு வேறு

அம்மாவுக்கு எண்பது கிட்டுகிறது. பத்து மணித்தியாலம் இருந்தாலே கால் வீங்கிச் செருப்புக்குள் போகாது. போன தடவை நான்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சிங்கப்பூரில் இறங்கினதும் சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நீளக் கம்பள நடையில் இந்த அந்தத்துக்கும் அந்த அந்தத்துக்கும் நடந்தா. முகம் கழுவி, திருநீறு பூசி, சேலையை மாற்றிக் கட்டினா. கைப்பையில் பொலித்தீனில் சுற்றி மல்லிக் கோப்பித்தூள் வைத்திருந்தா. தேத்தண்ணிக் கடையில் சுடுதண்ணி மட்டும் வாங்கித்தரச் சொல்லி, அதைக் கலந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஆறுதலாகக் குடித்தா. எதிர்க் கதிரையில் இருந்த ஒரு பெண்மணி மணம் பிடித்துத் திரும்பிப் பார்த்து "எவடம் நீங்கள்?" என்று கேட்டா. அவ யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிக்குப் பக்கத்து மட்டுவில். மெல்பேணிலிருந்து மகனிடம் போகிறா. அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு பேரும் பொதுவான சொந்தம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அத்தான் போட்ட செய்தியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 22 மணித்தியாலம் வரைக்கும் ஒரே இருப்பா என்று கேட்டா. கால் நீட்டி எழும்பி நின்று உடற்பயிற்சி செய்ய விமானத்துக்குள்ளேயே ஒரு இடம் விடுகிறார்கள் என்று சொன்னேன். "அதுக்குள்ளை ஆரோடை கதைக்கிறது?" என்றா.

நடு

அந்த மட்டுவில் பெண்மணியின் நினைவில்தான் ஒரு இரவு கொம்பியூட்டரில் இருந்து மற்ற வழிகளையும் அளந்து பார்த்தேன். டுபாய், டோஹா, ஹொங்கொங், பாங்கொக் என்று ஒவ்வொன்றாக. பிறகு கொழும்பைப் போட்டேன். சிட்னியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 8,750 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து லண்டன் ஏறக்குறைய 8,700. மொத்தம் நேர்கோட்டைவிட ஒரு 450 மாதிரித்தான் கூட. நான் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அக்கா ஒரு பக்கம் போனாள், நான் மறுபக்கம் வந்தேன், கிடைத்த விசாவும் வந்த சம்பந்தமும் எங்கே தள்ளியதோ அங்கே போனோம், ஒருவரும் வரைபடத்தில் அளந்து போகவில்லை. ஆனால் இரண்டு பேரும் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்து நிற்கிறோம். யாழ்ப்பாணத்தையே வைத்துப் பார்த்தால் அக்கா கொஞ்சம் கிட்ட, நான் கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் இது புதுக் கதையும் இல்லை. விமானம் வருவதற்கு முன்னம் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஓடின கப்பல்கள் சுயஸ் கால்வாய்க்குப் போகிற வழியில் கொழும்பில் நின்றுதான் போயின, பயணம் ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். 1942இல் சிங்கப்பூரை யப்பான் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆகாய வழி அறுந்தது. அதை 1943இல் ஒட்டவைத்ததும் இலங்கைதான். பேர்த்தில் சுவான் ஆற்றிலிருந்து கிளம்பி, காலிக்குப் பக்கத்தில் கொக்கலை வாவியில் வந்து இறங்குகிற கற்றலீனா என்கிற மிதக்கும் விமானங்கள். நடுவில் எங்கும் நிலம் இல்லை. யப்பானியருக்குக் கேட்டுவிடும் என்று வானொலியைப் பேசாமல் வைத்து, நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை பிடித்து வருவார்கள். 27 மணித்தியாலத்திலிருந்து 33 வரை எடுக்கும், ஒரே பயணத்தில் இரண்டு தரம் சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். அதிகம் போனால் மூன்று பயணிகள், மிச்சம் எண்ணெயும் தபாலும். 2027இல் வருகிற நேரடி விமானத் திட்டத்துக்கு அந்தப் பயணங்களை நினைத்துத்தான் சூரிய உதயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொக்கலை வாவியில் இறங்கின பயணத்தின் பெயரோடு வருகிற விமானம், கொக்கலைக்கும் இறங்காது, வேறெங்கும் இறங்காது.

எனக்கு இடைஞ்சலாக இருந்தது இதுதான் என்று அந்த இரவு பிடிபட்டது. நேரடி விமானம் எடுத்துவிடுவது நடுவில் இருக்கிற நிறுத்தத்தை. வியாபாரத்துக்குப் போகிறவருக்கு அந்த நடு வெறும் இடைஞ்சல். எங்களுக்கு நடு என்பது வீடு. வருஷக்கணக்காக அக்கா குடும்பம் காசு சேர்த்து இங்கே வருகிறது, இல்லாவிட்டால் நாங்கள் அங்கே போகிறோம், ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் முழுத் தூரத்தையும் சுமக்கிறது, மற்றப் பக்கம் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இரண்டு பக்கமும் பாதிப் பாதி வந்தால், பத்துப் பதினொரு மணித்தியாலப் பறப்பு, அம்மாவின் காலுக்கும் தாங்கும்.

அக்காவிடம் சொன்னேன். "அங்கை இப்ப ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சாவகச்சேரியில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது, மாமி ஒருத்தி வந்து கூட்டி விளக்கு வைத்துவிட்டுப் போவா. கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினாலும் அதற்கு மேல் ஏறக்குறைய 350 கிலோமீற்றர் வடக்கே போகவேண்டும், அது ஏழெட்டு மணித்தியாலம், அதாவது விமானத்தில் வந்ததுக்கு முக்கால்வாசி. பிள்ளைகளின் விடுமுறையும் பொருந்துவதில்லை. யூலையில் இங்கே பள்ளிக்கூடம் திறக்கிற நேரம்தான் அங்கே பூட்டும், அதனால் நல்லூர்க் கொடியேற்றம் சரிவராது. ஆக ஒத்துவருவது டிசம்பர்க் கடைசிதான், அதுவோ மாரி மழைக் காலம். எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்தாள், நான் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை, எல்லாம் உண்மை. பிறகு ஒரு கிழமை கழித்து அவளே எடுத்து, டிசம்பரில் கொழும்புக்கு என்ன விலை போகிறது என்று பார்த்தாயா என்று கேட்டாள்.

இப்போது இரண்டு பக்கமும் விலை பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது தூரத்தைப் பற்றியோ மணித்தியாலத்தைப் பற்றியோ அவ ஒன்றும் கேட்கவில்லை. "ஐப்பசி மழைக்கு முன்னம் குசினிப் பக்கத்து ஓடு மாத்த வேணும், ஆரைப் பிடிக்கப் போறாய்?" என்றுதான் கேட்டா.